மின்தடைக்குப் பின் அமைப்பை மறக்கும் வேவ்மேக்கர் தொடர்பான புகார்

நுவரெலியா

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கொழும்புக் கடையில் நான் வாங்கிய இரட்டை வேவ்மேக்கரை, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் அலை எழுப்பும் கருவியை, பற்றி எழுதுகிறேன். ஒரே கொன்ட்ரோலரில் ஓடும் இரண்டு பம்புகள், ஒவ்வொன்றும் மணிக்கு 5,000 லீற்றர். என் பவளத் தொட்டி நான்கு அடி நீளம், சுமார் 250 லீற்றர் பிடிக்கும். கணக்குப்படி மணிக்கு 40 தடவை தண்ணீர் புரளும். மென்பவளங்களுக்கு அது தாராளம், அளவில் எனக்குக் குறையில்லை.

கரண்ட் போய்த் திரும்ப வந்தால் கொன்ட்ரோலர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. இடது பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது, வலது பம்ப் அசைவதே இல்லை. கையால் மறுபடி அமைத்தால் இரண்டும் ஒழுங்காக மாறி மாறி ஓடுகின்றன, அடுத்த முறை கரண்ட் போகும் வரை. 'மின்தடைக்குப் பின் பழைய அமைப்பில் தானாக இயங்கும்' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். நான் இதை வாங்கியதே அந்த வரிக்காகத்தான். இங்கே காற்றும் மழையும் சேர்ந்தால் எங்காவது ஒரு மரம் லைனில் விழும். நாங்கள் வேலைக்குப் போனபின் வீட்டில் இருந்து பட்டனை அழுத்துவது யார்?

உங்கள் திருத்துநர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓடுகிறது, பழுதில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஓடவில்லை என்று நான் சொல்லவே இல்லையே! போனில் கேட்டபோது, "ஒரு பம்ப் ஓடினாலே 20 தடவை வருகிறதுதானே, அது போதும்" என்றார். இதை நான் ஏற்க மாட்டேன்.

பவளம் இருந்த இடத்தை விட்டு நகராது. சாப்பாடும் ஒட்சிசனும் அதைத் தேடி வரவேண்டும், அது விடும் சளியும் கழிவும் அகன்று போகவேண்டும். இரண்டையும் செய்வது தண்ணீர்தான். கடலில் அலை வரும், திரும்பிப் போகும், அதனால் பவளத்தின் எல்லாப் பக்கமும் கழுவுப்படும். ஒரே பக்கமிருந்து விடாமல் பீய்ச்சினால் எதிரே இருப்பது சிதையும், பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும். என் தொட்டியில் இரண்டும் நடந்திருக்கிறது. இடது பம்புக்கு நேரே இருந்த லெதர் பவளம் என்ற மென்பவளம் தன் பொலிப்புகளை (பூப்போல விரியும் சிறு உயிர்களை) உள்ளே இழுத்துச் சுருங்கி, ஓர் ஓரம் கிழிந்துவிட்டது. வலது மூலையில் குப்பை படிந்து, மணலை மூடிச் சிவப்பாகச் சயனோபக்டீரியா என்ற நுண்ணுயிர்ப் படலம் படர்ந்திருக்கிறது. பம்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைக்கும்படி உங்கள் திருத்துநர் சொன்னார். நல்ல யோசனைதான், செய்தேன், வேகம் உடைந்தது. ஆனால் மூலை அப்படியேதான் கிடக்கிறது.

அதோடு, இது கொழும்பு அல்ல. அங்கே தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் தேடுவார்கள், இங்கே நாங்கள் ஹீட்டர் போட்டு 25 பாகையில் வைத்திருக்கிறோம். ஹீட்டர் இருப்பது அந்த வலது மூலையில், ஓட்டம் இல்லாவிட்டால் சூடு பரவாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கரையோரத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான், தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதற்கேற்பக் குறையும். ஆகவே மேற்பரப்பு நன்றாகக் கலங்குவது உங்கள் கொழும்பு வாடிக்கையாளரைவிட எனக்கு இன்னும் முக்கியம்.

பரிசோதனை லேசானது. மாறி மாறி ஓடும் முறையில் வைத்து, பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்து மாட்டிப் பாருங்கள். கடையில் யாரும் அதைச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

உத்தரவாதக் காலம் ஒரு வருடம், அது இன்னும் முடியவில்லை. அப்படிச் சோதித்துப் பார்த்த வேறு கொன்ட்ரோலர் ஒன்றைத் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். லெதர் பவளத்துக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை, அது தப்பிவிடும் போலிருக்கிறது. 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியையும், கரண்ட் வந்தபின் பம்புகள் ஓடும் வீடியோவையும் இத்துடன் அனுப்புகிறேன். கூரியர் செலவைப் போன முறை நான் கட்டினேன். இந்த முறை நீங்கள் கட்டவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்