வில்லா பார்க் வேண்டாம், கண்ணு

பெரம்பூர்,
நவம்பர் 2025

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. எனக்கும் இது போனில் சொல்லி முடிக்கிற விஷயமாகப் படவில்லை. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

"ஓஸி ஆஸ்பர்ன் எவ்வளவு கௌரவமா முடிச்சுக்கிட்டார் பார்த்தீங்களாப்பா? நீங்களும் ஒரு நல்ல ஹாலா புடிச்சு, எல்லாரையும் கூப்பிட்டு, பெருசா ஒரு கச்சேரி பண்ணிடுங்க. செலவு என்னோடது. அதுக்கப்புறம் ராத்திரி நேரத்துல ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிட்டு ஈசிஆர்ல அலைய வேணாம்" என்றாய். பெற்ற பிள்ளை வாயால் இப்படிக் கேட்க யாருக்குக் கொடுத்துவைக்கும்? மனசு நிறைஞ்சுதான் போச்சு. ஆனாலும் அந்தக் கச்சேரி வேண்டாம். ஓய்வும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜூலை 5 அன்று உன் பர்மிங்காமில் வில்லா பார்க் மைதானத்துக்கு வெளியே ரோட்டில் நின்று நீ எடுத்தனுப்பிய வீடியோவை எத்தனையோ தடவை போட்டுவிட்டேன். படத்தில் மதிலும் ஜனங்களின் தலையும்தான் தெரிகிறது, பாட்டு மட்டும் சுவரைத் தாண்டி வருகிறது. எனக்கு அதுவே போதும். பார்க்கின்சன் வந்து நிற்க முடியாத மனிதர், கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். அவருடைய ராக் குழுவான பிளாக் சபாத்தின் பழைய நான்கு பேரும் ஒரே மேடையில் சேர்ந்து 20 வருஷம் ஆகியிருந்தது. வளர்ந்த ஆஸ்டனிலேயே கடைசிப் பாட்டு. 17 நாள் கழித்து, ஜூலை 22-ல், போய்விட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அந்த ஊருக்கு அவரை வழியனுப்ப ஒரு நாள் வேண்டியிருந்தது, அவருக்கும் வேண்டியிருந்தது. அது அவருக்குப் பொருத்தம். என்னைக் கேட்க வருகிறவர்கள் கிளம்பும்போது "அடுத்த சனிக்கிழமை இருக்கீங்களா அங்கிள்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு "இருக்கேன்" என்று சொல்கிற வரைக்கும் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

உன் ஊர்க்காரர்களில் நான் தினமும் நினைத்துக்கொள்வது பிளாக் சபாத்தின் கிதார்க்காரர் டோனி அயோமியைத்தான். 17 வயதில், தகடு வெட்டும் ஆலையில் கடைசி நாள் வேலைக்குப் போன இடத்தில் இயந்திரத்தில் கை மாட்டி, வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் நுனி போய்விட்டன. அவர் இடது கைக்காரர், தந்தியை அழுத்துவது வலது கை. இனி வாசிக்கவே முடியாது என்றார்கள். ஆலை ஃபோர்மேன் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்துப் பேரெடுத்தவர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டினார். சாதாரணத் தந்தி கையை வருத்தியதால் பாஞ்சோவின் மெல்லிய தந்தியை எடுத்துப் போட்டார். பின்னால் சுருதியையே இறக்கிக் கட்டினார். உலகமே திரும்பிப் பார்த்த அந்தக் கனமான ஓசையில், வலிக்காமல் வாசிக்க ஒரு மனிதன் தேடிய வழியும் கலந்திருக்கிறது.

என் இடது மோதிரவிரல் காலையில் மடக்கினால் மாட்டிக்கொண்டு, இழுத்தால் டக்கென்று விடுகிறது. ட்ரிகர் ஃபிங்கர் என்று நீதான் போனிலேயே கண்டுபிடித்தாய். நீ சொன்ன பயிற்சியைச் செய்கிறேன். கிதாரில் 10 நம்பர் தந்தி செட்டை விட்டுவிட்டு இன்னும் மெல்லிய 9-க்கு மாறிவிட்டேன், எல்லாத் தந்தியையும் அரை நோட்டு இறக்கிக் கட்டுகிறேன். எங்கள் குழுவில் பாடுகிற அங்கிளுக்கு ஒரே சந்தோஷம், அவருக்கும் மேல் ஸ்தாயி இப்போது சிரமம். அவர் குரலுக்கும் என் விரலுக்கும் ஒரே மருந்து.

காதைப் பற்றி நீ பயப்படுவது நியாயம். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும், 100-க்குப் போனால் கால் மணி நேரம்தான் என்று நீ அனுப்பியதை எங்கள் ரிகர்சல் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு விடிய விடிய வாசித்த காலத்தில், கூம்பு ஒலிபெருக்கிக்கும் எனக்கும் ஒரு கை தூரம்தான் இருக்கும். அப்போது குடும்பத்துக்குச் சோறு போட்டது அதுதான். வலது காதில் 'ஙொய்' என்று ஓயாமல் ஒரு சத்தம் அப்போது வந்தது, இன்னும் இருக்கிறது. நீ வாங்கி அனுப்பிய காதடைப்பான் இல்லாமல் இப்போது வாசிப்பதில்லை. ஓசையை அமுக்கிக் கெடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்கிறது, நல்ல பொருள்.

இப்போது நாங்கள் வாசிக்கிற ஹோட்டல் மாதிரிச் சின்ன இடங்கள்தான் எனக்குச் சத்தத்தைக் குறைத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. ராக் வாசிக்கிறவனுக்கு அதைவிடக் கடினமான பாடம் கிடையாது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் அந்தக் கரகரப்பு வரவேண்டுமென்றால் வால்வைத் திணறடிக்க வேண்டும், 50 வாட் பெட்டியை அப்படித் திணறவிட்டால் சாப்பிட வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். 5 வாட் பெட்டிக்கு மாறினேன். வாட் பத்தில் ஒன்றானாலும் காதுக்குச் சத்தம் பாதி குறைந்த மாதிரிதான் இருக்கும், அதையும் ஒரு நாற்காலியில் ஏற்றி, கொஞ்சம் சாய்த்து, என் முகத்தைப் பார்த்து வைக்கிறேன். டிரம்ஸ் அங்கிள் குச்சியை விட்டுவிட்டு, மெல்லிய கம்புகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸை வைத்து வாசிக்கிறார். பாதி இரவுகளில் டிரம் செட்டே இல்லை, கஹோன் பெட்டி மேல் உட்கார்ந்து கையால்தான். சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, கண்ணு. ஒரு தந்தியைச் சரியாக அமுக்கவில்லை என்றால் மூன்றாவது டேபிளில் தெரிந்துவிடும். வேகம் கொஞ்சம் ஏறினாலும் பேஸ் அங்கிள் திரும்பிப் பார்ப்பார். நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் பார்க்கிறார்.

எங்கள் இளவயதில் ஐஐடி கல்லூரி விழாவுக்கு மார்டி கிரா என்று பெயர், 1996-ல்தான் சாரங் ஆனது. அந்தத் திறந்தவெளி அரங்கில் வாசித்த ராத்திரியை இன்றைக்கும் பெருமையாக நினைக்கிறேன். ஆனால் விளக்கு கண்ணில் அடிக்கும், முன்னால் ஒரே இருட்டு, அதற்குள்ளிருந்து ஒரு பெரிய கூச்சல் வரும். யார் கேட்கிறார்கள் என்று ஒரு முகம்கூடத் தெரியாது. இப்போது நீலாங்கரையில் நாங்கள் வாசிக்கிற ஹோட்டலில் முதல் டேபிளுக்கும் என் பெடலுக்கும் நடுவில் பரிமாறுகிற தம்பி பக்கவாட்டில்தான் நடந்து போக முடியும். போன வாரம் மூன்று நான்கு வயதுக் குழந்தை ஒன்று வந்து, என் ஆம்ப்ளிஃபயர் வலைத்துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றது. நான் கீழ்த்தந்தியை மீட்டினால் கையை எடுக்கும், அதிர்வு அடங்கியதும் திரும்ப வைக்கும். பாட்டு முடிகிற வரைக்கும் அதுவும் நானும் அப்படியே வாசித்தோம். அதன் அம்மா வந்து கூப்பிட்டபோது வர மாட்டேன் என்று அழுதது.

அங்கே பரிமாறுகிற பையன்களில் ஒருவன் ஷில்லாங்கைச் சேர்ந்தவன். எங்கள் பாட்டுப் பட்டியலில் இருக்கிற எல்லா இங்கிலீஷ் பாட்டுக்கும் வரி தவறாமல் வாயசைத்துக்கொண்டே தட்டு எடுப்பான். மேகாலயாவில் ராக் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. லூ மஜாவ் என்று ஒரு பெரியவர், 1947-ல் பிறந்தவர். பாப் டிலன் பிறந்தநாளான மே 24-ல் 1972-லிருந்து அந்த ஊரில் கச்சேரி நடத்துகிறவர். இந்தப் பையன் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அவரைப் பார்த்திருக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்திலிருந்து சட்டம், அதனால் பத்துக்கு முன்பே எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். அதற்குப் பிறகு அவனுக்கு வேலை முடியும். வந்து உட்கார்ந்து என் கிதாரைக் கேட்டு வாங்குவான், ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே வாசிப்பான். நல்ல கை. கட்டைவிரலால் பேஸைப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் மெட்டைச் சொல்கிறான். எனக்கு அது இந்த ஜென்மத்தில் சுத்தமாக வந்ததில்லை. இப்போது அவனிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு ராஜா சாருடைய பேஸ் கிதார் நடைகளை பேஸ் அங்கிள் அவனுக்குச் சொல்லித் தருகிறார். பாஷை தெரியாத பையன், நாலு தாளச் சுற்றுக்குள் அந்த பேஸ் எங்கெங்கோ போய்விட்டு வீடு திரும்புவதைக் கேட்டு "ஒன்ஸ் மோர் அங்கிள்" என்று கேட்டபடியே இருக்கிறான். நீ சொல்கிற பெரிய ஹாலில் இவனுக்கு இடம் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பார். டிக்கெட் கொடுத்து உட்கார வைக்கலாம். கிதாரை அவன் கையில் கொடுக்க முடியாது.

பணம் பற்றியும் கேட்டாய். ஒரு ராத்திரிக்கு ₹12,000 தருகிறார்கள், நாலு பேருக்கு. ஆட்டோவும் தந்தியும் போக மிச்சம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு வாரநாட்களில் பிள்ளைகளை டிரினிட்டி கிரேடு இசைத் தேர்வுக்குத் தயார் பண்ணுகிற டியூஷன் இருக்கிறது, குறையொன்றும் இல்லை. தந்திதான் செலவு. கடற்கரைக் காற்றின் உப்பு இரண்டு வாரத்தில் கறுக்க வைத்துவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியாகத் துணியால் அடியிலும் மேலுமாகத் துடைத்த பிறகுதான் பெட்டியை மூடுகிறேன். வெளிநாட்டுத் தந்தி கிடைக்காத காலத்தில் பேஸ் அங்கிள் பழைய தந்தியைக் கழற்றி, பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்து, காயவைத்து மாட்டுவார். அழுக்கு இறங்கி, சில நாளைக்குப் புதுசு மாதிரி கணீரென்று கேட்கும். உன் பாட்டி அந்தப் பாத்திரத்தைத் திரும்ப அடுக்களைக்குள் விட்டதில்லை. இன்றைக்கு மவுன்ட் ரோடு மியூசி மியூசிக்கலில் போய் நின்றால் கேட்ட நம்பரில் கேட்ட கம்பெனி தந்தி. அந்தக் கடை 1842-லிருந்து இருக்கிறது, நான் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது.

எனக்கு முதன்முதலில், ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்துகிற பார் கார்டு பிடித்துக் காட்டிய ஆங்கிலோ இந்திய அங்கிளைப் பற்றிச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசிக்கிறவர். பகலில் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், சாயங்காலம் வெள்ளைச் சட்டை. அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், அவரும் பெர்த் போனார். அவர் வாசித்ததெல்லாம் தெருவுக்குத் தெரிந்த ஆட்களுக்காகத்தான். ஒரு ரெக்கார்டிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் என் வலது கை தாளம் அவருடையது, என்னிடம் படித்த பிள்ளைகளின் கையிலும் அது இருக்கிறது. உன் கையிலும் இருக்கிறது. நீ விட்டுப் பல வருஷம் ஆனாலும், போன தடவை வந்தபோது மாடியில் எடுத்து வாசித்தாயே, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ராத்திரி அலைச்சல் பற்றி நீ சொன்னதில் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன். இனிமேல் பாண்டிச்சேரி புரோகிராம் என்றால் அன்றைக்கே திரும்ப மாட்டோம், தங்கிவிட்டுக் காலையில் வருவோம். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி இறக்க ஷில்லாங் தம்பி இருக்கிறான். ரத்த அழுத்த மாத்திரை கிதார் பையிலேயே ஒரு பட்டை இருக்கிறது, அம்மா வைத்தது.

ஹாலுக்கு ஒதுக்கி வைத்த பணத்தில் டிசம்பருக்கு டிக்கெட் போடு. 20-ஆம் தேதி சனிக்கிழமை நீலாங்கரையில் இருக்கிறோம், ஏழரைக்கு ஆரம்பம், முதல் டேபிளைச் சொல்லி வைக்கிறேன். வரும்போது என் ஆம்ப்ளிஃபயருக்கு இஎல்84 வால்வு இரண்டு வாங்கி வா, பழையது சூடேறினால் கொரகொரக்கிறது. கண்ணாடி, உடைந்துவிடும். பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே துணிக்குள் சுற்றி வை.

அன்புடன்,
அப்பா