நனைந்த குள்ளர்களைக் கரைசேர்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆளுக்கொரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு எழுதி முடித்தேன். ஐந்தாவதில் கை சோர்ந்துவிட்டது. வந்த பார்சல்களில் மூன்றில் அனுப்பியவர் பெயரும் இல்லை. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல். தனியாக எழுதவில்லையென்று கோபிக்கவேண்டாம்.

நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். போன ஜனவரிக் குளிரில் எங்கள் லொஃப்டில், கூரைக்கு அடியிலுள்ள பரணில், தண்ணீர்க் குழாய் வெடித்தது. நாங்கள் ஒரு கலியாண வீட்டுக்காக பர்மிங்ஹாம் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் படுக்கையறைக் கூரையில் மாங்காய் வடிவில் ஒரு கறை. மேலே ஏறினேன். ஓர் அட்டைப்பெட்டி, தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி நொந்து கிடந்தது. அதற்குள் 34 ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழ்கள்.

இந்த மடல் எப்படியோ கைக்கு வந்து, ‘யார் இந்த வெள்ளைக் குள்ளன்’ என்று கேட்பவர்களுக்கு: 1975இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கத்து ஃபிளாட் ஒன்றில் இருந்த மூன்று இளைஞர்கள், இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜோன் பீக், ‘கேம்ஸ் வேர்க்‌ஷொப்’ என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து, மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஆறே ஆறு பெட்டிகளை வரவழைத்து, அதை வைத்தே ஐரோப்பா முழுவதற்குமான விற்பனை உரிமையையும் வாங்கிய துணிச்சல்காரர்கள். முதலில் ‘ஔல் அன்ட் வீசல்’ என்றொரு சிறு மடல் நடத்தினார்கள். அது 1977 ஜூனில் ‘ஒயிட் டுவார்ஃப்’ என்ற விளையாட்டு இதழானது. லிவிங்ஸ்டன்தான் ஆசிரியர். முதலில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, 1982இலிருந்து மாதம் ஒன்று.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் நான்கு பொடியங்கள் மூலையில் இருந்து பகடை உருட்டுவார்கள். அவர்கள் கதைப்பது எனக்கு அரைவாசிதான் விளங்கும். ஆனால் ஒருவன் நடுவில் இருந்து கதை சொல்ல, மற்றவர்கள் ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடுகிறேன்’ என்று சொன்னதும் கதையே திசைமாறுவது விளங்கியது. அம்மம்மாவிடம் வேதாளக் கதை கேட்டவனுக்குப் பூதம் புதிதல்ல. அம்மம்மாவின் கதையில் நான் வாய் திறந்தால் குட்டுத்தான் விழும். இங்கே வாய் திறக்காவிட்டால் கதையே நகராது. இங்கிலீசு பேசப் பயந்து கிடந்த பொடியனை அந்த மேசைதான் பேசவைத்தது. பாடப்புத்தகத்தைவிட இந்த இதழ்களுக்காகத்தான் நான் அகராதியைப் புரட்டினேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி, நூலகமொன்றில் பழுதான நூல்களைச் செப்பனிடும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மையாருக்கு. நண்பரின் நண்பர் மூலம் அன்றிரவே தொலைபேசியில் பிடித்தேன். நான் ஹேர்டிரையரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னதும் ஒரு சத்தம் போட்டார். வழவழப்புத் தாளின் மேல் களிமண் பூச்சு இருக்கும். நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்தால் பிறகு அது புத்தகமல்ல, செங்கல். உடனே உறையவை, பூஞ்சணமும் பிடிக்காது, உனக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும் என்றார். அப்படியே இதழுக்கொரு பொலித்தீன் பையாகப் போட்டு ஃபிரீசரில் அடுக்கினேன்.

அந்த ஃபிரீசரில் இருந்த விளைமீனும் இறாலும் அயல்வீட்டுக்கு அகதியாகப் போயின. “என்னப்பா, மீன் வைக்கிற இடத்தில பேய்ப்புத்தகமோ?” என்று கேட்ட என் மனைவிதான், பிறகு இரவிரவாக என்னோடு இருந்து தாள்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்தவர். மீனைக் காத்துத் தந்த அயலவருக்கும் நன்றி. இறால் கொஞ்சம் குறைந்துதான் வந்தது. அது நியாயமான கூலி.

காயவைக்க இடம் வேண்டுமே. கோயில் நிர்வாகசபை அண்ணையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வார நாட்களில் மண்டபம் சும்மாதான் கிடக்கிறது, மேசைகளை எடு என்றார். நான்கு நான்காக ஃபிரீசரிலிருந்து எடுத்து, ஈரம் உறிஞ்சும் தாள் வைத்து, மின்விசிறியைத் தூரத்தில் திருப்பிவிட்டு உலர்த்தினேன். எலும்புக்கூடும் இரட்டைத்தலை அரக்கனுமாக மேசை நிறைய விரிந்து கிடந்ததை மாலை கட்ட வந்த ஓர் ஆச்சி நின்று பார்த்தார். “தம்பி, இது எந்தப் புராணம்?” என்றார். பதில் சொல்ல எனக்கு அரைமணி நேரம் எடுத்தது. அவர் கடைசிவரை கேட்டார். அந்த ஆச்சிக்கும் நன்றி.

இதழின் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இதழ்களுக்கு எமன் தண்ணீரைவிடத் துருப்பிடித்த கம்பிப் பின்தான். மழுங்கிய கத்தியால் பின்னின் கால்களை நிமிர்த்தி, வெளியிலிருந்து மெல்ல இழுத்து எடுத்து, அதே ஓட்டைகளால் பருத்தி நூலைக் கோத்துக் கட்டினோம். நூல் கோத்தவர் என் மாமியார். எழுபத்தெட்டு வயது, கண்ணாடி போடவில்லை.

34இல் 21 தப்பின. 13 போய்விட்டன.

அந்தப் பதின்மூன்றைத் தேடித் தந்தவர்களைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். லீட்ஸிலிருந்து ஒரு பெண்மணி, காலமான அண்ணனின் அலமாரியிலிருந்து ஐந்து இதழ்கள் அனுப்பினார். தபால் காசுகூட வாங்க மறுத்துவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் 9ஆம் இதழைத் தபாலில் விட மனமில்லாமல் ரயிலேறித் தன் கையால் கொண்டுவந்து தந்தார். அல்பி ஃபியோர் எழுதிய ‘லிச்வே’ என்ற, மேசையில் விளையாடுவதற்கான பாழ்மண்டபச் சாகசம் அதில்தான் வந்தது. அங்கே ஒரு விசித்திரப் பிராணி முனகிக்கொண்டே இருக்கும். வீரர்கள் பயந்துபோய் அதைக் கொன்றுவிடுவார்கள். அந்த முனகல்தான் அங்கிருந்த பிணங்களை எல்லாம் உறங்கவைத்திருந்தது என்பது பிறகுதான் தெரியும். அந்த மனிதரும் நானும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டபடி இதைப் பற்றி மூன்று மணி நேரம் கதைத்தோம். 1978இல் எழுதியதற்கு அது கெட்டிக்கார வேலை.

12ஆம் இதழை அனுப்பியவர் பெயர் எழுதவில்லை. அதைப் பார்த்துத் துள்ளியது நானல்ல, என் மகன். 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டில் ‘கித்யாங்கி’ என்றொரு மஞ்சள் தோல் இனம் வருகிறது; அவன் இராப்பகலாக அவர்களோடுதான் இருந்தான். அந்த இனம் முதலில் அச்சேறியது இந்த இதழில், 1979இல், ‘ஃபீன்ட் ஃபாக்டரி’ பகுதியில். வாசகர்கள் தாங்களே உருவாக்கிய பூதங்களை எழுதி அனுப்ப, டொன் டேர்ன்புல் தொகுத்துப் போடும் பக்கம் அது. கித்யாங்கியை எழுதி அனுப்பிய சார்ல்ஸ் ஸ்ட்ரொஸ் அப்போது பள்ளிக்கூடப் பையன். பிற்காலத்தில் பேர்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1981இல் அந்தப் பூதங்கள் பல ‘ஃபீன்ட் ஃபோலியோ’ என்ற நூலாக வந்தபோது அட்டையிலேயே கித்யாங்கி ஏறியது. “ஒரு பொடியன் தபாலில அனுப்பினதா இது?” என்று மகன் இரண்டு தரம் கேட்டான். என் பழைய பெட்டியை அவன் மதித்துப் பார்த்தது அன்றுதான் முதல்தடவை.

தலை சிறுத்துத் தோள் பெருத்த ‘துரட்’ என்ற முரட்டு வீரன் வரும் கார்ல் கிரிச்லோவின் சித்திரக்கதைப் பக்கத்தை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டிருந்த ஓர் இதழும் வந்தது. அதற்கு அடுத்த வாரமே இன்னொருவர் அந்தப் பக்கத்தை மட்டும் படியெடுத்து அனுப்பினார். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

நூறாம் இதழுக்குப் பிறகு நான் வாங்கவில்லை. அது 1988 ஏப்ரல். அலுவலகம் நொட்டிங்ஹாமுக்குப் போய், பக்கங்களும் மெல்ல மெல்ல நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பான, சிறு பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளுக்கே போய்விட்டன. அதை விரும்புகிறவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எனக்கு அது வேறு இதழ்.

13இல் 12 வந்து சேர்ந்தன. 3ஆம் இதழ் மட்டும் இன்னும் இல்லை. அவசரமுமில்லை.

பெயர் சொல்லாமல் 12ஆம் இதழை அனுப்பியவரிடம் ஒன்று கேட்கவேண்டும். நடுப்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு கதாபாத்திரத் தாள், விளையாடுபவர் தன் வீரனின் விவரங்களைக் குறித்துவைக்கும் தாள், மடித்து வைத்திருந்தது. குள்ள வீரன், ஒரு கோடரி, பதினொரு பொற்காசு, பாதி எரிந்த தீப்பந்தம். ஹிட் பாயின்ட், அதாவது மிச்சமிருக்கும் உயிர்ப்பலம், எழுதும் இடத்தில் எட்டு அழித்து ஐந்து, ஐந்து அழித்து மூன்று. அதோடு நிற்கிறது. தாளைத் திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறை தயாராக வைத்திருக்கிறேன். முகவரி தாருங்கள். அந்த ஆள் பிழைத்தானா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
லண்டன் ரூட்டிங்கிலிருந்து, பெட்டிக்குச் சொந்தக்காரன்