ஆண்டறிக்கை: ரிகி மலையும் தாளின் வெண்மையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நீர்வண்ண வட்டம் இந்த ஆண்டு முழுவதும் ஒரே மலையைத்தான் பயின்றது: சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையிலுள்ள ரிகி. ஆங்கில ஓவியர் டர்னர் 1842இல் அதை நீல ரிகி, சிவப்பு ரிகி, இருண்ட ரிகி என மூன்று ஓவியங்களாக முடித்தார். நீல ரிகி லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிவப்பு ரிகி மெல்பர்னில்.

நீல ரிகியின் விடியல் ஒளிக்கு வெள்ளை வண்ணம் தேடவேண்டாம். தாளின் வெண்மையே போதும். ஆகவே முதல் கவனம் தாளுக்கு. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை நனைத்து, பலகையில் பசை நாடாவால் ஒட்டி, முழுக்கக் காயவிட வேண்டும். ஜெலட்டின் பூச்சு போதாத தாளில் வண்ணம் உள்ளே இறங்கிவிடும். பிறகு எடுக்கவே வராது. அப்படிப்பட்ட தாளுக்கு 100 மில்லி வெந்நீரில் 2 கிராம் ஜெலட்டின் கரைத்து, இளஞ்சூட்டில் ஒரு பூச்சு கொடுத்தால் சரியாகிறது.

பலகையைச் சற்றுச் சாய்த்து, வானத்து மஞ்சளை முதலில் இடவேண்டும். அது காய்ந்த பின்பே மலையின் நீலம், அதுவும் மிக நீர்த்ததாக, அடுக்கடுக்காக. பலருக்கும் கெட்டது இங்கேதான். பாதி காய்ந்த பூச்சின்மேல் நீர் மிகுந்த தூரிகை பட்டால், அந்த நீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போலத் திட்டு விழும். உடனே துடைப்பது அதை இன்னும் பரப்பும். காயவிட்டு, ஈரத் தூரிகையால் ஓரத்தை இளக்கி, ஒற்றுத்தாளால் எடுப்பதே வழி. நீரில் மின்னும் கீற்றுகளைக் கடைசியில், தாள் நன்றாகக் காய்ந்தபின் சுரண்டி எடுக்கலாம். டர்னர் இதற்குத் தம் கட்டைவிரல் நகத்தையே பயன்படுத்தியவர்.

படி எடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அக்கால ஓவியர்கள் மேகச் சாம்பலுக்கு அவுரி நீலத்தோடு செம்மண் சிவப்பைக் கலந்தார்கள். வெளிச்சத்தில் அவுரி மங்க, சிவப்பு மட்டும் நின்றுவிட்டது. பழைய படங்கள் பலவற்றில் நாம் காணும் இளஞ்சிவப்பு வானம் அவர்கள் தீட்டியதல்ல. பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் ரஸ்ஸலும் அப்னியும் நீர்வண்ணங்கள்மேல் ஒளியின் விளைவு பற்றிய 1888 அறிக்கையிலேயே இவ்வகை மங்கலைச் சோதனையோடு காட்டினார்கள். எனவே நம் கண்காட்சியில் வெயில் படும் சுவரை விட்டுவிட்டு, விளக்கொளியை 50 லக்ஸுக்குள் (லக்ஸ் ஒளிச்செறிவின் அலகு) வைத்தோம்.

அடுத்த ஆண்டுக்கு ஆங்கில நீர்வண்ண ஓவியர் ஜான் ராபர்ட் கோசன்ஸை எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. 1776இல் ஆல்ப்ஸில் அவர் வரைந்தவை பெரும்பாலும் நீலச்சாம்பலும் மங்கிய பச்சையும்தான். இளம் டர்னரும் அவர் காலத்து ஓவியர் கெர்ட்டினும் கோசன்ஸின் படங்களைப் பிரதி எடுத்தே பழகினார்கள். தாளை மொத்தமாக வாங்குவதற்கும் இத்துடன் ஒப்புதல் கோருகிறேன். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்