ஆன்லைன் வகுப்பு: ஒப்புதல் படிவம் சனிக்கிழமைக்குள்

பெற்றோருக்கு வணக்கம். திங்கள் முதல் 8ஆம் வகுப்புக்கு மாலை 6 மணிக்கு ஜூம் வகுப்பு. வீடியோ பதிவுக்கான ஒப்புதல் படிவத்தைச் சனி இரவு 8 மணிக்குள் அனுப்புங்கள்.

1. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, பிரிவு 9: 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். 2025 நவம்பர் விதிகள் இதை நடைமுறைப்படுத்த 18 மாத அவகாசம் தந்திருக்கின்றன. இருந்தாலும் இப்போதே எழுத்தில் இருப்பதுதான் நல்லது.
2. பதிவு எங்கே, எத்தனை நாள் இருக்கும் என்ற கட்டம் காலியா? கையெழுத்துப் போடாதீர்கள்.
3. பிள்ளையின் பெயர், வரிசை எண்ணோடு நுழையுங்கள். 'அம்மா போன்' என்று வந்தால் காத்திருப்பு அறையிலேயே நிற்க வேண்டியதுதான்.
4. லிங்க்கை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், மற்ற பிள்ளைகளின் முகமும் அதில் இருக்கும்.

படித்ததும் வரிசை எண்ணுடன் 'சரி' போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் யார் என்று தெரிவதில்லை.