அந்தப் பலகையை இன்னும் மாட்டிவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புத்தகம் அடுக்கும் அலமாரிப் பலகை நன்றாக இருக்கிறது. அதன் பக்கத்தில் கிடந்த, ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் பாக்கெட்டைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

அந்த பிளக் செங்கல் சுவரில் இறுகிப் பிடிக்கும். உன் சுவர் ஜிப்சம் போர்டு. இரண்டு தாளுக்கு நடுவே இறுகிய ஜிப்சம் மாவு, அவ்வளவுதான். பெரும்பாலும் 12 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன், பின்னால் வெற்றிடம். நானும் ஒருமுறை இப்படித்தான் நாலு பிளக்கை அடித்து, புத்தகங்களை அடுக்கி, பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் நடுராத்திரியில் தடால் என்று ஒரு சத்தம். ஸ்க்ரூவும் பிளக்கும் பலகையைத் தாங்கும் பிராக்கெட்டிலேயே பத்திரமாக இருந்தன. சுவரில்தான் நாணய அளவுக்கு ஓட்டைகள், தரையெல்லாம் வெள்ளைப் பொடி.

ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பார், அப்புறம் கையை நீட்டிப் பிடித்துப் பார். அலமாரியும் அப்படித்தான். பலகை எவ்வளவு அகலமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு மேலே உள்ள ஸ்க்ரூவை வெளியே பிடுங்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோ கணக்கை நம்பி ஏமாறுவது இங்கேதான். பல பாக்கெட்டுகளில் அது பிய்த்துக்கொண்டு வரும் எடை. நான் அதில் கால்வாசியைத்தான் கணக்கில் எடுப்பேன். புத்தகங்களை ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறிப் பார், மலைத்துப்போவாய்.

ஆகவே முதலில் போர்டுக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தைத் தேடு. ஒரு சின்ன காந்தத்தைச் சுவரில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போ. போர்டை அடித்த ஸ்க்ரூவின் தலை வரும் இடத்தில் ஒட்டும். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் ஒட்டினால் சட்டம் அதுதான். அடுத்தது பெரும்பாலும் 40 அல்லது 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். மரச்சட்டமென்றால் சின்னத் துளை போட்டு, மரத்துக்குள் மூன்று சென்டிமீட்டராவது இறங்கும் ஸ்க்ரூவாகப் பார்த்து முடுக்கு. அதற்கு பிளக்கே வேண்டாம். தகரச் சட்டமென்றால் மர ஸ்க்ரூ நிற்காது.

பிராக்கெட் வரும் இடத்தில் சட்டம் இல்லையா? இரண்டு மூன்று சட்டங்களைத் தொடும்படி ஒரு நீளமான மரத்துண்டைக் குறுக்கே அடித்து, அதன் மேல் பிராக்கெட்டை மாட்டு. பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கும், பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாத இடத்துக்குத்தான் டாகிள் போல்ட். அதன் இறக்கைகள் சுவருக்குப் பின்னால் விரிந்து, எடையை அகலமாகப் பரப்பிப் பிடிக்கும். ஆனால் மடித்த இறக்கை நுழையப் பெரிய துளை போட வேண்டும். போல்ட்டை முதலிலேயே பிராக்கெட்டில் கோத்துவிடு; ஸ்பிரிங் வைத்த டாகிளில் போல்ட்டை முழுக்கக் கழற்றினால் இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும். என் வீட்டுச் சுவருக்குள் இரண்டு கிடக்கின்றன. டாகிளை நம்பிக் கனமான புத்தகங்களை அடுக்காதே, இலேசான சாமான் போதும்.

சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதே, வயர் போயிருக்கும்.

காந்தம் ஒட்டிய இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்து, படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்த பிறகு டிரில்லை எடு.

அன்புடன்,
அப்பா