நல்ல காதை ஐந்து முறை எண்ணும் கணக்கு

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

துறையூர்ப் பக்கம் ஓர் அரிசி மண்டியில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு வலது காது கேட்காது. வெளிச் சத்தம் எதுவும் உள்ளே போகாது என்றாலும், அந்தக் காது சும்மா இருப்பதில்லை. பக்கத்து அறையில் அரவை மோட்டார் ஓடுகிற மாதிரி இரவும் பகலும் ஓர் இரைச்சல், ஆறு வருடமாக. மில் ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். இது நிற்பதில்லை. என்னைப் போல ஒரு காது போய் இரைச்சலோடு வாழ்கிறவர்களுக்கும், உள்காதில் அறுவைச் சிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் கருவியைக் காப்பீட்டில் சேர்க்கக் கேட்டுத்தான் இந்த மடல்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனேன். 17 சதவீதம் என்று எழுதினார்கள். எழுதிய டாக்டர்மேல் எனக்கு வருத்தமில்லை, விதி அப்படி. நல்ல காதின் குறைபாட்டை ஐந்தால் பெருக்கி, மோசமான காதின் குறைபாட்டை அதோடு கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். என் இடது காதில் குறை பூஜ்யம், வலது காதில் நூறு. நூறை ஆறால் வகுத்தால் 16.67. சலுகைகளுக்கு 40 வேண்டும். ஒரு காது அடியோடு போனவர் யாராக இருந்தாலும், மறு காது நன்றாக இருக்கும்வரை இந்த 17-ஐத் தாண்ட முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருப்பவரைத்தான் காது கேளாதவர் என்கிறது. இரைச்சலைக் குறிக்க அந்தக் கணக்கில் இடமே இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: கூட்டலில் பிழையில்லை, பேரேட்டில் ஏற வேண்டிய இனமே ஏறவில்லை.

முதலில் திசையைச் சொல்கிறேன். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மூளை தெரிந்துகொள்வது, இரு காதுகளுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான். அந்த நேர வித்தியாசம் ஒரு மில்லிசெகண்டுகூட வராது. எனக்கு அது கிடைப்பதில்லை. எல்லாமே இடப்பக்கம் கேட்கிறது. நம் ஊரில் சாலையைக் கடக்க இறங்கினால் வண்டி முதலில் வருவது வலப்பக்கமிருந்து. ஹாரன் கேட்டு நான் இடப்பக்கம் பார்க்கிறேன். போன வருடம் எங்கள் லோடுமேன் அண்ணன் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். மண்டியில் நாலு பேர் சேர்ந்து விலை பேசினால் வலப்பக்கம் நிற்பவர் சொல்வது சத்தத்தில் கரைந்துபோகிறது, மதிக்காமல் நிற்கிறான் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

இரவு இன்னும் மோசம். இடப்பக்கம் ஒருக்களித்தால் தலையணை நல்ல காதை அடைத்துவிடும், அப்புறம் உலகத்தில் இரைச்சல் மட்டும்தான் மிச்சம். எத்தனையோ ராத்திரி வீட்டுத் திண்ணையில் விடிந்திருக்கிறது.

இது எப்படி வந்தது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். ஒருநாள் காலை எழும்போது குளத்தில் முங்கி எழுந்தது போலக் காது அடைத்திருந்தது. உள்ளூரில் பார்த்தபோது அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் சொட்டு விட்டேன். பிறகு திருச்சியில், காது எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தபோது வலது காதின் கோடு அடியில் கிடந்தது. திடீர் நரம்புக் கேளாமைக்கு ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு இசைக்கவை இருந்திருந்தால் போதும். அதைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தால், அழுக்கு அடைப்பாக இருந்தால் அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்கும். நரம்புக் கோளாறாக இருந்தால் நல்ல காதுக்குப் போகும். அரை நிமிட வேலை. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் 512 ஹெர்ட்ஸ் கவை ஒன்று இருந்து, அதைப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுங்கள்.

இனி காக்ளியர் கருவிக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அதைப் பொருத்திக் கேட்கவைத்திருக்கிறீர்கள். அதற்கு என்றும் நன்றி உண்டு. அதே கருவி என்னைப் போன்றவர்களுக்கும் உதவும் என்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மருத்துவர்கள் 2008இல் எழுதினார்கள். ஒரு காது போய், எந்த மருந்துக்கும் அடங்காத இரைச்சலோடு வந்த 21 பேருக்குப் பொருத்தினார்கள். இரைச்சலுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதில், முன்பு சராசரி 8.5, இரண்டு வருடம் கழித்து 2.5. அமெரிக்காவில் ஒற்றைக் காது கேளாமைக்கு இந்தக் கருவியை 2019இல் முறைப்படி அனுமதித்தார்கள்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. காதிலிருந்து செய்தி வருவது நின்றதும், மூளை அந்தப் பக்கத்தின் ஒலியளவைத் தானே கூட்டிக்கொள்கிறது; அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்கிறார்கள். கருவியின் மின்முனைகள் செத்த செல்களைத் தாண்டி நேராகச் செவி நரம்பைத் தூண்டும்போது மூளைக்கு மறுபடி வேலை கிடைக்கிறது. செத்த காதுப் பக்கம் மைக் வைத்துப் பேச்சை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவியையும் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் பேசுகிறவர் கேட்டார், அது நல்ல விஷயம். ஆனால் திசையும் தெரியவில்லை, இரைச்சலும் குறையவில்லை. அந்தக் காதுக்குள் எதுவும் போகவில்லையே.

எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. செவி நரம்பே இல்லாவிட்டால் பயனில்லை. பலருக்குக் கருவியைக் கழற்றினால் இரைச்சல் திரும்புகிறது. முதலில் மனிதக் குரலே இயந்திரம் பேசுவது போலத்தான் இருக்குமாம், மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கேட்காமல் கழியும் வருடங்கள் கூடக் கூடப் பலன் குறையவும் கூடும், எனக்குப் பயம் அதுதான்.

இரண்டு காதும் கேட்காத குழந்தை வரிசையில் நிற்கும்போது எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். குழந்தைக்குத்தான் முதலில். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. அந்த நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காமல், தனியாகச் சிறிய ஒதுக்கீடு ஒன்றைத்தான் கேட்கிறேன். சதவீதச் சூத்திரத்தை டெல்லிதான் மாற்ற வேண்டும். காப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. மற்ற வழிகளையெல்லாம் பார்த்தும் அடங்காத இரைச்சலோடு ஒரு காதை இழந்தவர்களை, எம்.ஆர்.ஐ. எடுத்து, மருத்துவர் குழு ஒன்று தேர்ந்தெடுக்கட்டும். குழந்தைகளுக்கு ஏற்கெனவே இந்த அறுவைச் சிகிச்சை செய்யும் அரசு மருத்துவமனைகளிலேயே செய்யலாம். கருவியோடு நிறுத்திவிடாமல் பேட்டரி, ஒயர், பழுதுச் செலவையும் சேர்த்துப் போடுங்கள். பல லட்ச ரூபாய்க் கருவி ஒரு ஒயருக்காகப் பீரோவில் கிடக்கக் கூடாது.

மண்டியின் பழைய பேரேடு ஒன்றில், ஒவ்வொரு ராத்திரியும் இரைச்சல் பத்துக்கு எவ்வளவு என்று குறித்து வைத்திருக்கிறேன். ஒன்பதுதான் அதிகம். குழு அமைத்தால் எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்று சொல்லுங்கள், பேரேட்டோடு வருகிறேன்.

இப்படிக்கு,
வலது காது கேளாத ஒரு கணக்குப்பிள்ளை,
துறையூர் வட்டம்