பழைய துப்பாக்கி எல்லாம் '303' ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் ஏதோ ஒரு பங்களாப் பரணிலோ எஸ்டேட் கிடங்கிலோ பழைய துப்பாக்கி ஒன்று அகப்பட்டுவிட்டால், அதன் உடம்பில் என்ன வெட்டியிருக்கிறது என்று பார்க்காமலே '303 ரகத் துப்பாக்கி' என்று எழுதிவிடும் வழக்கம் நம் நாளிதழ்களில், தங்கள் நாளிதழ் உட்பட, ஊறிப்போயிருக்கிறது. ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்று, இப்போது அருவங்காட்டில் வசிக்கும் எனக்கு, இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பயம் வருகிறது. தன் வீட்டிலும் அதே சாயலில் ஒன்று வைத்திருப்பவர், அதையும் 303 என்றே நம்பி, அதற்கேற்ற தோட்டாவைத் தேடப் போய்விடுவாரே என்ற பயம்தான் அது.

லீ-என்ஃபீல்டு என்னும் பிரிட்டிஷ் காலத்துப் பட்டாளத் துப்பாக்கியின் அந்த ஒரே முகத்தோடு நம் நாட்டில் ஐந்து வகைத் தோட்டாக்களுக்கான துப்பாக்கிகள் உலவியிருக்கின்றன. எண்கள் எல்லாம் குழல் அளவு: 7.62 மட்டும் மில்லிமீட்டரில், மற்றவை அங்குலத்தின் பின்னத்தில். இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்ட 303. 1962 சீனப் போருக்குப் பிறகு வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 7.62 தோட்டாவுக்கென்று செய்யப்பட்ட 2ஏ, 2ஏ1 என்பவை. காவலர்களுக்காக உள்குழாய் வழவழப்பாக்கப்பட்ட 410 மஸ்கட். பயிற்சிக்காக 22 ஆக மாற்றப்பட்டவை. உரிமம் பெற்ற பொதுமக்கள் வாங்கிய 315. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பழகிய கண்ணுக்கே சில நேரம் வித்தியாசம் பிடிபடாது.

சென்ற ஆடி மழையில் கோத்தகிரிப் பக்கம் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். காலமான பெரியவரின் துப்பாக்கியைக் கம்பளியிலிருந்து பிரித்து மேசை மேல் வைத்த பேரன், "சித்தப்பா, இது தாத்தாவோட திரீ நாட் திரீ. பட்டாளத்துல இருந்தப்போ இதைத்தான் தோள்ல போட்டிருந்தாராம்" என்று பெருமையாகச் சொன்னான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால், குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே பின்கட்டை வந்து செருகும் இரும்பு வளையத்தின் வலப்புறத்தைத் துடைக்கச் சொன்னேன். பட்டாளத்து 303 ஆக இருந்திருந்தால் அங்கே மேலே கிரீடம், அதன் கீழே அரசரின் முதலெழுத்துகள், செய்த இடம், ஆண்டு, பிறகு எஸ்.எச்.டி. எல்.ஈ. என்ற எழுத்துகளும் ரோமன் மூன்றும் வரிசையாகக் கிடைக்கும். ரோமன் மூன்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், அது 1916இல் வேலையைச் சுருக்குவதற்காக எளிமையாக்கப்பட்ட வகை. இஷாப்பூரில் செய்ததென்றால், சுதந்திரத்துக்கு முன் ஜி.ஆர்.ஐ. என்றிருக்கும், குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. அந்த வளையத்தில் கிரீடமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. குழலின் பின்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கு விலகியபோது, 315 என்ற எண்ணும் ஆர்.எஃப்.ஐ. என்ற இஷாப்பூர் முத்திரையும்தான் தெரிந்தன. முன்கட்டையும் முழு நீளத்துக்கு ஓடாமல் பாதியிலேயே நின்றிருந்தது. தாத்தா பட்டாளத்தில் தூக்கியது வேறு, ஊருக்கு வந்து உரிமத்தோடு வாங்கியது வேறு.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையில்லை. கூடவே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. கடை அட்டைப்பெட்டியில் ஒன்பது 315 தோட்டாக்கள். அடியில் காகிதத்தில் சுற்றிய ஐந்து வேறு தோட்டாக்கள். அந்த ஐந்தின் அடிப்பாகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். ஐந்திலும் கே.எஃப்., 43. மூன்றில் ரோமன் ஏழும் இருந்தது. அதாவது பூனா பக்கத்துக் கிர்கி தொழிற்சாலையில் 1943இல் செய்த 303 தோட்டா. ரோமன் ஏழு என்பது ஏழாம் மார்க், அதாவது ஏழாம் வடிவம். அந்த மூன்றில், ஊசி வந்து குத்தும் நடுக்குமிழைச் சுற்றி ஊதா வளையம். அது சாதாரணக் குண்டு. இரண்டில் சிவப்பு வளையம். அது எரிந்துகொண்டே வழி காட்டிப் போகும் டிரேசர் குண்டு. பையன் அவற்றையும் ஒரு நாள் 'போட்டுப் பார்க்கலாம்' என்றிருந்தானாம். 303 படைத்துறைத் தோட்டா. சாதாரண உரிமத்தில் அதை வைத்திருக்கவே இடமில்லை. மறுநாளே உரிமப் புத்தகத்தோடு காவல் நிலையத்துக்குப் போய் ஐந்தையும் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தார்கள்.

தோட்டாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 303 என்பது மில்லிமீட்டர் கணக்கில் ஏறத்தாழ 7.7. 'அதற்கும் 7.62க்கும் மயிரிழைதானே வித்தியாசம்' என்று வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழல் அளவில் மயிரிழையாக இருக்கலாம். தோட்டாவின் பித்தளைக் கூடு முற்றிலும் வேறு. 303இன் கூடு 56 மி.மீ. நீளம், அடியில் வெளியே துருத்தும் விளிம்பு உண்டு, 7.62இன் கூடு 51 மி.மீ., துருத்தும் விளிம்பு கிடையாது. 2ஏ1 துப்பாக்கியில் 7.62 என்ற எண் வெட்டியிருக்கும். தோட்டாக்களை அடுக்கும் அதன் மேகசினும் 303இன் மேகசினைப் போலச் சரியாமல் பெட்டி போல் சதுரமாக நிற்கும். '8 எம்.எம்.' என்ற பேச்சு இதைவிட மோசம். 315ஐயும் கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள், ஜெர்மன் மவுசரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகாது. 410 மஸ்கட்டோ இன்னும் விசித்திரம்: 303இன் கூட்டைக் கழுத்துச் சுருக்காமல் நேராக விட்டுச் செய்த தனித் தோட்டாவுக்கானது அது. கடையில் விற்கும் 410 ஷாட்கன் தோட்டா அதற்குரியதல்ல. தோட்டா உள்ளே போய்விட்டது, போல்ட்டும் பூட்டிக்கொண்டது என்பதைப் பொருத்தத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

சரியான 303 துப்பாக்கிக்குச் சரியான 303 தோட்டா என்றாலும்கூட எல்லாம் ஒன்றல்ல. ரோமன் எட்டும் இசட் எழுத்தும் உள்ள தோட்டா விக்கர்ஸ் எந்திரத் துப்பாக்கிக்காகச் செய்தது, அழுத்தம் கூடியது. தோள் துப்பாக்கிக்கு அது வேண்டாம். துப்பாக்கியில் டி.பி. என்று வெட்டியிருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும். எந்தத் தோட்டாவும் அதற்குக் கிடையாது. முன்கட்டையில் கம்பி சுற்றி ஈயம் பற்றவைத்திருப்பதைச் சிலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கையெறி குண்டு வீசுவதற்கென்று ஒதுக்கப்பட்டு, அந்த அதிர்ச்சியைப் பலமுறை தாங்கிய துப்பாக்கி என்பதன் அடையாளம் அது.

என் தந்தையார் 1903இல் நிறுவப்பட்ட இங்குள்ள கார்டைட் என்னும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பழைய 303 தோட்டாவுக்குள் மருந்து பொடியாக இருக்காது, இடியாப்பம் போல இழை இழையாக இருக்கும் என்று சிறுவயதில் சொல்லியிருக்கிறார். அந்த மருந்து செய்தபோது இருந்த குணத்தில் எண்பது ஆண்டுகள் பரணில் கிடந்த பிறகும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அக்காலக் குமிழ்களில் இருந்த ரசாயனம் சுட்டபின் குழலில் உப்பாகப் படியும். அது எண்ணெயில் கரையாது, கொதிநீர் ஊற்றினால்தான் போகும். நம் மலைப் பனியில் அந்த உப்பு ஓர் இரவு இருந்தால் போதும், காலையில் குழலுக்குள் துரு பூத்திருக்கும். பெரியவரின் 315ஐ உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அனுப்பியிருக்கிறோம். போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா, போல்ட் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் உள்ள இடைவெளி அளவுக்குள் இருக்கிறதா என்று அவர் அளவுகருவி வைத்துப் பார்த்துச் சொல்லும் வரை அதில் எதுவும் ஏற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் வரும்போதெல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்படுகின்றன. எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருப்பவை அந்தச் சில வாரங்கள் ஓரிடத்துக்கு வந்து சேர்கின்றன. அப்போது ஆயுதப்படையில் ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரர் ஒருவரைக் கொண்டு ஒவ்வொன்றின் முத்திரையையும் படித்து, உரிமப் புத்தகத்தில் எழுதியுள்ள ரகமும் இரும்பில் வெட்டியுள்ள ரகமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, திருப்பித் தரும்போது எந்தத் தோட்டா என்பதை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தால், ஒரு துப்பாக்கிக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
அருவங்காடு, நீலகிரி.